கணிப்பொறியும் காவற்பெட்டியும்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் நெடுஞ்சாலையில் வீரபாண்டியைக் கடந்து சென்றால் சின்னமனூர் என்னும் ஊர் வரும். முல்லையாற்றின் வளத்தால் நெல்லும் வாழையும் தென்னையும் செழிக்கும் ஊர் அது. வரலாறு கற்ற மாணவர்கள் அதன் பெயரைச் செப்பேடுகளின் வாயிலாக அறிந்திருப்பார்கள். பாண்டிய வேந்தர் காலத்துச் செப்பேடுகள் அங்குக் கிடைத்தன. பாரதக் கதையைத் தமிழில் ஆக்குவித்ததையும், மதுரையில் சங்கம் நிறுவியதையும் பாண்டியர் குலத்தின் பெருமைகளாக அவற்றுள் பெரிய செப்பேடு எடுத்துரைக்கின்றது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அந்த எழுத்து அழியவில்லை. அத்தகைய ஊரில் வாழும் நான், மூன்று நாள் முயன்று எழுதிய எழுத்தைக் கண்ணிமைக்கும் பொழுதில் இழந்தேன். அது 2019-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் நிகழ்ந்தது.

பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், நம் பள்ளத்தாக்கில் உழவர் வழங்கும் சொற்களைத் தொகுக்கவேண்டும் என்னும் ஆசை எனக்கு உண்டாயிற்று. பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகின்றது. இத்தனை நிலத்தில் நூறாண்டுக்கு மேலாக நீர் பாய்ச்சி, நாற்று நட்டு, கதிர் அறுத்து வந்த மக்களின் வாயில் எத்தனை சொற்கள் பிறந்திருக்கும்! அவற்றுள் பல அகராதியில் ஏறாதவை. ஏறியவற்றுள்ளும் பல, பொருள் சற்றே வேறுபட்டவை. டிராக்டரும் அறுவடை எந்திரமும் வந்தபின் அச்சொற்களுக்கு வேலை குறைந்துவிட்டது. வேலை இழந்த சொல் நெடுநாள் உயிர்வாழ்வதில்லை.

அந்நாளில் என் மகன் தான் பயன்படுத்திய கணிப்பொறி ஒன்றை எனக்கு அனுப்பிவைத்தான். முதலில் அதனைத் தொடவே அஞ்சினேன். பின்பு 1999-ஆம் ஆண்டில் தமிழுக்கென வகுக்கப்பட்ட ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை முறையை ஒரு திங்களில் பழகிக்கொண்டேன். அம்முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் ‘கா’ என்னும் எழுத்துத் திரையில் தோன்றும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான்; அதனை என் விரல் நுனியிலேயே கண்டபோது குழந்தைபோல் மகிழ்ந்தேன். மகிழ்ச்சியோடு சிறிது செருக்கும் வந்து சேர்ந்தது. இனித் தாள் எதற்கு, பேனா எதற்கு என்று எண்ணத் தொடங்கினேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். இளமை முதல் வயலிலேயே வாழ்ந்தவர். கண்மாய்க்கு மடை திறந்து அடைக்கும் பொறுப்பையும் பல ஆண்டுகள் பார்த்தவர். அவரை என் வீட்டிற்கு அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, அவர் சொல்லச் சொல்ல நான் விசைப்பலகையில் தட்டினேன். கண்மாய்க்கு நீர் வரும் வழி வரத்துக்கால். கண்மாய் நிறைந்தபின் மிகுந்த நீர் வழியும் இடம் கலுங்கு. அங்கிருந்து நீர் ஓடும் வழி மறுகால். வாய்க்காலிலிருந்து வயலுக்குள் நீர் நுழையும் திறப்பு வாமடை. ஒருவர் நிலத்துக்குள்ளேயே இருப்பது வரப்பு. இருவர் நிலத்துக்கு நடுவே எல்லையாக நிற்பது பொழி. நீர் கட்டி உழுத சேறு தொழி. களத்தில் அளந்து கண்ட மொத்த விளைச்சல் கண்டுமுதல். இவ்வாறு ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணிட்டு, பொருளும் எழுதி, அச்சொல் வழங்கும் இடத்தையும் குறித்தேன். மூன்று பிற்பகலில் 112 சொற்கள் சேர்ந்தன.

மாணவர்களே, நீங்கள் இளமையிலேயே கணிப்பொறி பழகுபவர்கள். ஆதலால் நான் செய்த பேதைமையைக் கேட்டு நகைப்பீர்கள். எழுதியதைச் சேமிக்கவேண்டும் என்பதை நான் அறியவில்லை. திரையில் தெரிவது எழுதப்பட்டுவிட்டது என்றே நம்பினேன். இரவில் திரையை மட்டும் அணைத்துவிட்டு உறங்கச் செல்வேன்; காலையில் திரையை ஏற்றினால் சொற்கள் அப்படியே இருக்கும். ஏடு மூடித் திறந்தால் எழுத்து இருப்பதுபோல இதுவும் என்று கருதினேன்.

மூன்றாம் நாள் மாலை, மேற்குமலைக் கணவாய் வழியே வரும் காற்று வலுத்து வீசியது. ஆனி, ஆடி மாதங்களில் நம் பள்ளத்தாக்கில் அக்காற்றின் ஆற்றலை நீங்கள் அறிவீர்கள். அதனை நம்பியன்றோ தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன! எங்கள் தெருமுனைத் தோப்பில் காய்ந்த தென்னை மட்டை ஒன்று முறிந்து மின்கம்பியின் மேல் விழுந்தது. பொறி பறந்தது, விளக்கு அணைந்தது, திரை இருண்டது. கால் மணி நேரத்தில் ஊழியர்கள் வந்து மட்டையை அகற்றி மின்சாரத்தை மீட்டுத் தந்தார்கள். மின்சாரம் மீண்டது, என் சொற்கள் மீளவில்லை. வெண்ணிறத் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டிற்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் என்மேல் சினம் கொள்ளவில்லை. “அதற்கென்ன, வாத்தியாரையா, இன்னொரு தடவை சொல்லுகிறேன்” என்று தொடங்கினார். ஆயினும் முதல்முறை வந்ததுபோல் வரவில்லை. “நீங்கள் கேட்டீர்கள், பேச்சோடு பேச்சாக வாயில் வந்தது. இப்போது நினைத்துச் சொல்லச் சொன்னால் நினைவு பிடிபடவில்லை” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நானும் நினைவூட்ட முயன்றேன். என் நினைவும் அவர் நினைவும் கூடி 97 சொற்களைத் திரும்பப் பெற்றன. கடைசியாக நான் இட்ட எண் 112 என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பதினைந்து சொற்கள் எங்கே போயின? அவற்றுள் சிலவற்றின் பொருள்கூட எனக்கு நினைவிருக்கின்றது, சொல்தான் இல்லை.

தேனியில் கணிப்பொறி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் சென்று முறையிட்டேன். ஒருகாலத்தில் வெண்பாவுக்குச் சீர் பிரிக்க என்னிடம் கற்றவர், இப்போது என்னை எதிரே அமர்த்திப் பொறுமையாகப் பாடம் சொன்னார்.

கணிப்பொறிக்குள் நினைவு இருவகைப்படும். ஒன்று வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம். மற்றொன்று எழுதியதைக் காத்துவைக்கும் வட்டு. முதல்வகை நினைவகத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் நிரப்பப்படுகின்றது. அறைகளோ ஓட்டைக் குடம் போன்றவை. நிரப்பிய மின்னூட்டம் தானே கசிந்துவிடும். ஆதலால் ஏறத்தாழ 64 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பதினைந்து முறைக்கும் மேலாக, கணிப்பொறி எல்லா அறைகளையும் படித்துப் பார்த்து மீண்டும் நிரப்புகின்றது. மின்சாரம் நின்றவுடன் நிரப்புவாரில்லை, அறைகள் வற்றிவிடுகின்றன. நீர்மேல் எழுத்து என்று நாம் சொல்லுவது இதற்கே மிகப் பொருந்தும். நான் மூன்று நாளும் நீர்மேல் எழுதிக்கொண்டிருந்தேன். சேமிக்கும் கட்டளையை இட்டபின்னரே எழுத்து வட்டில் பதிகின்றது. வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் பாதி எழுதிய கோப்புப் பழுதாவதும் உண்டு. ஆகவே சேமித்துக்கொண்டே எழுதுவது முதற் கடமை. மின்சாரம் திடீரென நிற்காமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது கடமை. இரண்டாவது கடமைக்காகவே அவர் எனக்கு ஒரு பெட்டியைத் தந்தார். யு.பி.எஸ். என்று கடைத்தெருவில் வழங்குவது அதுவே. நான் அதற்குக் காவற்பெட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அதனைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் திரும்பியபோது ஒன்றை எண்ணி வியந்தேன். மின்சாரம் நம் பள்ளத்தாக்குக்கு அயற்பொருள் அன்று. கர்னல் பென்னிகுவிக் கட்டி முடித்து 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர், ஒரு மைலுக்கு மேல் நீண்ட சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்துக்கொண்டு கிழக்கே வருகின்றது. மலையுச்சியில் அந்நீர் ஒரு சிறு தேக்கத்தில் நின்று, இராட்சதக் குழாய்களின் வழியே பாய்ந்திறங்கி, லோயர்கேம்பில் உள்ள மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகின்றது. அங்கு முதல் எந்திரம் 1958-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. நான்காவது எந்திரம் 1965-ஆம் ஆண்டில் சேர்ந்தது. ஆயினும் அங்குப் பிறக்கும் மின்சாரம் நேரே நம் வீட்டுக்கு வருவதில்லை. அது மாநிலமெங்கும் பின்னிக் கிடக்கும் பெருங்கம்பி வலையில் கலந்து, மற்ற மின்நிலையங்களின் ஆற்றலோடு ஒன்றாகி, துணைமின்நிலையம், மின்மாற்றி, தெருக்கம்பி ஆகியவற்றைக் கடந்து வருகின்றது. அவ்வளவு நெடிய வழியில் ஏதேனும் ஓரிடத்தில் தடை நேர்ந்தாலும் நம் விளக்கு அணையும். 2012-ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்தில் மின்பற்றாக்குறை மிகுந்து, நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியதை உங்கள் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அந்நிலை இல்லை. ஆயினும் காற்றையும் மழையையும் தென்னை மட்டையையும் யார் தடுக்க இயலும்? நீர்மின் நிலையத்திலிருந்து சில மைல் தொலைவில் குடியிருந்தும் இருட்டில் அமர்ந்திருக்க நேர்கின்றது.

காவற்பெட்டியின் உட்புறத்தை என் மாணவர் திறந்து காட்டினார். செங்கல் அளவில் கறுப்பு மின்கலம் ஒன்றும், மின்மாற்றியும், சில்லுகள் பதித்த பலகையும் இருந்தன. அம்மின்கலத்தின் குலமுதல்வன், பிரான்சு நாட்டு அறிஞர் பிளாந்தே என்பவர் 1859-ஆம் ஆண்டில் ஆக்கிய ஈய-அமில மின்கலம். இன்றும் அதே ஈயமும் கந்தக அமிலமுமே உள்ளே இருக்கின்றன. அமிலம் சிந்தாதபடி மூடி அடைத்திருக்கின்றார்கள் என்பதே வேறுபாடு. தெருவிலிருந்து வரும் மின்சாரம் இருக்கும்போது பெட்டி அதனைக் கணிப்பொறிக்கு அனுப்புகின்றது. கூடவே சிறிதளவு எடுத்து மின்கலத்தை நிரப்பி வைக்கின்றது. மின்சாரம் நின்றதும், மின்கலத்திலிருந்து 12 வோல்ட் நேர்மின்சாரத்தை எடுத்து, அதனை 230 வோல்ட் அளவுள்ள மாறுமின்சாரமாக்கித் தருகின்றது.

இதனைக் கேட்டவுடன் எனக்குக் கண்மாய்தான் நினைவுக்கு வந்தது. ஆற்றில் நீர் ஓடும்போது வரத்துக்கால் வழியே கண்மாய் நிறைகின்றது. ஆறு வறண்டபின் மடை திறந்து வயலைக் காக்கின்றது. ஆனால் கண்மாய்க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மடை திறக்க ஒரு நாள் தாழ்த்தால் பயிர் வாடும், மடியாது. கணிப்பொறியோ அப்படிப் பொறுக்காது. நம் நாட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகின்றது. ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. ஓரலை அளவு மின்சாரம் நின்றாலே கணிப்பொறி மூச்சடங்கிவிடக்கூடும். அதன் மின்வழங்கியினுள் உள்ள தேக்கிகள் ஏறத்தாழ 16 மில்லிநொடி வரைக்குமே தாங்கும். அதற்குள் மடை திறந்தாகவேண்டும். காவற்பெட்டி ஏறத்தாழப் பத்து மில்லிநொடிக்குள் திறந்துவிடுகின்றது. வீட்டில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் வைக்கும் இன்வெர்ட்டர் சிலவற்றில் இம்மாற்றம் சற்றுத் தாமதமாக நிகழும். விசிறி அதனைப் பொருட்படுத்தாது. கணிப்பொறி அணைந்து மீண்டும் தொடங்கும்.

என் மாணவர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். மின்கலம் 12 வோல்ட். கொள்ளளவு 7 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. என் கணிப்பொறியும் திரையும் கூடி 140 வாட் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், 84-ஐ 140-ஆல் வகுக்க 36 நிமிடம் வருகின்றது. “ஆனால் அதனை நம்பாதீர்கள், ஐயா! கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் அவர். ஏன் என்று கேட்டேன். நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும்போது ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். விரைந்து இறைத்தால் மின்கலம் தன் முழு அளவையும் தராது. அடிமட்டம் வரை வற்றவிட்டால் உள்ளிருக்கும் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து கெட்டிப்படும். ஆதலால் சிறிது இருக்கும்போதே பெட்டி தானே நின்றுவிடும் என்றார். கண்மாயிலும் அப்படித்தானே? மடையின் மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் வயலுக்கு வருவதில்லை. மீனுக்கும் மாட்டுக்குமே உதவும்.

ஆகவே இப்பெட்டி மின்வெட்டு முழுவதும் வேலை செய்வதற்கு உரியது அன்று. எழுதிய வரியை முடித்து, சேமித்து, கணிப்பொறியை முறைப்படி அணைப்பதற்கு உரிய அவகாசத்தைத் தருவது, அவ்வளவே. இதனை நான் வீட்டில் விளக்கிச் சொன்னபோது, “கால் மணி நேரம் போதுமே, மிக்சியை அதில் மாட்டினால் சட்டினி அரைத்துவிடலாம்” என்றார் என் மனைவியார். அது கூடாது என்று மறுக்க எனக்கு அச்சம். ஒப்புக்கொள்ளப் பெட்டிக்கு ஆற்றல் இல்லை. மிக்சி, இஸ்திரிப்பெட்டி முதலியவை இழுக்கும் மின்சாரத்தை அச்சிறு பெட்டி தாங்காது. லேசர் அச்சுப்பொறியும் அப்படியே. தாளில் மையை உருக்கிப் பதிக்க அது திடீரெனப் பெருமளவு மின்சாரம் கேட்கும். அதனைச் சுவரில் உள்ள வேறு துளையில் மாட்டவேண்டும்.

மின்சாரம் நிற்பது மட்டுமே தீங்கு அன்று. தோட்டங்களில் மோட்டார்கள் ஒருங்கே ஓடும்போது ஊரில் மின்னழுத்தம் தாழ்கின்றது. அவை நின்றபின் உயர்கின்றது. ஓரளவு ஏற்றத்தாழ்வைப் பெட்டியே சரிசெய்கின்றது. ஐப்பசி மழையில் இடி விழுவது வேறு செய்தி. அதனை எந்தப் பெட்டியும் முற்றும் தடுக்காது. மின்னல் தொடங்கியதும் கணிப்பொறியை அணைத்து முளையைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவதே தக்கது. பழைய வீடுகளில் மூன்று துளைப் பலகை இருக்கும். மூன்றாம் துளைக்கு உரிய நிலத்தொடர்புக் கம்பி இராது. என் வீட்டிலும் அது இல்லை என்பது பெட்டி வந்த பின்னரே தெரிந்தது. மின்பணியாளரை அழைத்துக் கொல்லையில் குழி தோண்டி நிலத்தொடர்பு அமைத்தேன்.

இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. மின்சாரம் நிற்கும்போதெல்லாம் பெட்டி ‘பீப்’ என்று குரல் கொடுக்கும். நான் சேமித்து அணைப்பேன். காவலன் இருக்கின்றான் என்னும் நிம்மதியில் பெட்டி என்றொன்று உண்டு என்பதையே மறந்துபோனேன். 2022-ஆம் ஆண்டுச் சித்திரையில் ஒருநாள் மின்சாரம் நின்றது. பெட்டி ஒருமுறை முனகிற்று, உடனே அடங்கிற்று, கணிப்பொறியும் உடன் அடங்கிற்று. நல்லவேளையாக, பத்து வரிக்கு ஒருமுறை சேமிக்கும் வழக்கம் அதற்குள் என் கையில் ஊறியிருந்தது. நான்கு வரிகளே போயின.

மின்கலம் செத்துப்போயிருந்தது. அதற்கு வாழ்நாள் மூன்று முதல் ஐந்து ஆண்டு. வெப்பம் அந்நாளையும் குறைக்கும். 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை வெப்பம் கூடுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பார்கள். நானோ பெட்டியை மேற்குச் சுவரோரம், பிற்பகல் வெயில் படும் இடத்தில், பழைய நூல்களுக்கு நடுவே காற்றோட்டமின்றிச் சொருகி வைத்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனைப் பார்த்து மயங்கினேன். பச்சை விளக்குத் தெருவில் மின்சாரம் இருப்பதைக் காட்டுமேயன்றி மின்கலத்தின் உடல்நலத்தைக் காட்டாது. கரை உயர்ந்து நிற்கும் கண்மாயைப் பார்த்து, உள்வாயில் வண்டல் மேடிட்டிருப்பதை அறியாதவன் நிலை என் நிலை. கண்மாயாயின் ஊரார் கூடிக் கோடையில் வண்டல் வாரும் குடிமராமத்து முற்காலத்தில் இருந்தது. 2017-ஆம் ஆண்டில் அரசு அதனை மீண்டும் தொடங்கிற்று. என் மேசைக்கு அடியில் இருந்த கண்மாய்க்கு மராமத்துச் செய்யவேண்டிய குடி நான் ஒருவனே.

இப்போது தை, சித்திரை, ஆடி, ஐப்பசி ஆகிய மாதப் பிறப்பன்று காலையில் ஒரு சோதனை செய்கின்றேன். எழுதியவற்றையெல்லாம் சேமித்துவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை நானே அணைப்பேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருப்பேன். பெட்டி தாங்கினால் மீண்டும் சுவிட்சைப் போடுவேன். முன்பு பன்னிரண்டு நிமிடம் தாங்கியது ஆறு நிமிடத்திலேயே அடங்கினால் மின்கலம் மாற்றும் காலம் வந்தது என்று பொருள். பழைய மின்கலத்தைக் குப்பையில் எறியக் கூடாது. ஈயம் நஞ்சு, அது மண்ணில் கலந்தால் நீரிலும் கலக்கும். விற்றவரிடமே திருப்பித் தரலாம். 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த மின்கலக் கழிவு விதிகளின்படி அதனைத் திரும்பப் பெற்று உருக்கிப் பயன்படுத்தும் பொறுப்பு ஆக்குவோருக்கே உரியது. நான் பழையதைக் கொடுத்தபோது புதியதன் விலையில் சிறிது குறைத்தார்கள்.

சொற்றொகுதியை இப்போது மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று கணிப்பொறியில், ஒன்று விரலளவுள்ள நினைவுக் குச்சியில், மற்றொன்று தாளில் அச்சிட்டுக் கட்டி, அரிசிப் பானைக்கு மேலுள்ள பரணில். மூன்றாவதைப் பார்த்து என் மாணவர் சிரித்தார். செப்பேடு கிடைத்த ஊர்க்காரனுக்கு அந்த ஐயம் எளிதில் போகாது என்று சொன்னேன்.

சென்ற ஆடியில் பெரியவர் என் வீட்டிற்கு மீண்டும் வந்தார். கண்பார்வை மங்கியிருந்தது, பேரன் கைபிடித்து அழைத்துவந்தான். வாழைக்கு நீர் பாய்ச்சும் முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே காற்று வீசியது. விசிறி நின்றது, பெட்டி குரல் கொடுத்தது. பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு, “என்ன ஐயா அது, குஞ்சு கத்துவதுபோல் கத்துகின்றது?” என்று கேட்டார்.

“மின்சாரம் நின்றுவிட்டது. அன்று போனதுபோல் இன்று போகாது. நீங்கள் சொல்லுங்கள், பத்து நிமிடம் இருக்கின்றது” என்று சொல்லிச் சேமித்துக்கொண்டேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, மடைக்கண்ணில் வைக்கோலும் மண்ணும் அடைத்து நீரைத் திருப்புவதற்கு அந்நாளில் தம் தந்தையார் ஒரு சொல் சொல்லுவார் என்று தொடங்கி, இரண்டு முறை உதட்டை அசைத்து, மூன்றாம் முறை அச்சொல்லைச் சொன்னார். 2019-ஆம் ஆண்டில் சொன்ன சொல் அதுதானா என்று கேட்டேன். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்றார். எண் 98 என்று இட்டு, அச்சொல்லை எழுதி, அருகில் ஐயக்குறியும் வைத்தேன். பெட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கணிப்பொறியை அணைத்துவிட்டு, மீதிச் சொற்களைத் தாளில் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன்.